கழுவாத கோபம்

“மிஸ், நீங்கள் என்னையோ ஏசுறியள்?”

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் அறை. கட்டிலில் காலை நீட்டியிருந்த மதலேனாதான் கேட்டாள். குரலில் கோபமில்லை. தனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களோ என்று ஒருமுறை திரும்பியும் பார்த்தாள்.

தாதி பிரஷாந்தினி நிறுத்தவில்லை. “வேற ஆரை? சீனி வருத்தம் இருக்கெண்டு தெரியும்தானே? இப்பிடி அழுகிற வரைக்கும் என்ன செய்தனீங்கள்? காலைக் கழட்டின பிறகு வருவமெண்டு இருந்தனீங்களோ?”

வாசலில் காத்திருந்த சனம் எட்டிப் பார்த்தது. “அவாவுக்கு மீன் வெட்டவே நேரம் காணாது, காலை எங்க பாக்கிறது,” என்றார் அவளுடைய ஊர்க்காரர் ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மதலேனா சேலையை இழுத்துக் காலை மூடினாள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். கருவாடு போடும்போது மீன் முள் ஏறிய காயம் அது; நீரிழிவால் ஆறாமல் அழுகியிருந்தது.

“நான் நேற்றும் வந்தனான், மிஸ். சனம் கூடிப்போச்சு, நாளைக்கு வாங்கோ எண்டு நீங்கள்தான் அனுப்பினனீங்கள்.”

பிரஷாந்தினியின் கையில் பஞ்சு அப்படியே நின்றது. ஓம், இந்த முகத்தை அவள் நேற்றுக் கண்டிருந்தாள்.

இன்று காலை, இந்த அறைக்கு வருமுன், வார்டில் ஒரு பெடியன் இறந்துபோனான். மோட்டார் சைக்கிள் விபத்து. அவனுடைய நெஞ்சை அழுத்தி அழுத்திக் களைத்தவள் பிரஷாந்தினி. “இன்னுங் கொஞ்சம் அமத்துங்கோ பிள்ளை,” என்று தாய் அவளைக் கெஞ்சினாள். அழுவதற்குப் பிரஷாந்தினிக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு நேரே இந்த அறைக்கு வந்தாள். அங்கே அடக்கிய அழுகைதான் இங்கே ஏச்சாக வந்தது என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வெட்கத்தில் காது சுட்டது.

அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

“எல்லாருக்கும் கேக்க ஏசினனான். எல்லாருக்கும் கேக்கவே சொல்லுறன். இந்த அம்மாவில ஒரு பிழையுமில்லை, பிழை என்ரை. ஒராளின்ரை கிருமி மற்றாளுக்குப் போகக்கூடாதெண்டு கை கழுவுறம். ஒரு கட்டிலடியில வந்த துக்கத்தையும் கோவத்தையும் மற்றக் கட்டிலுக்குக் காவிக்கொண்டு போகக்கூடாது. நான் கையை மட்டும்தான் கழுவினனான். வாசலில நிண்டு ரெண்டு மூச்சு எடுத்திட்டு வந்திருக்க வேணும்.”

பகிடி விட்டவர் நிலத்தைப் பார்த்தார்.

அதன்பின் பிரஷாந்தினி மெதுவாகக் காயத்தைத் துடைத்து மருந்து கட்டினாள்.

“நாளைக்கும் கட்டு மாத்த வேணும், அம்மா. விட்டா விரல் போயிடும். என்னட்டை வர விருப்பமில்லாட்டி வேற மிஸ்ஸிட்டைச் சொல்லிவிடுறன். வருவியள்தானே?”

மதலேனா கட்டிலிலிருந்து இறங்கினாள். கட்டுப்போட்ட காலுக்குச் செருப்பு நுழையவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு சனத்தைக் கடந்து போனாள்.