ஷெத்தாவைத் தொட்ட கை

அந்த அறையில் இருந்தவர்கள்: மணப்பெண் ஸுமெய்யா. அவளுடைய அம்மா லல்லா ஷெரீஃபா. இரண்டு அத்தைகள். மணப்பெண்ணை உடுத்திவிட வந்த ஹாஜா ஃபத்தூமா. பிறகு கட்டிலின் மேல், வெள்ளைத் துணியிலிருந்து பிரித்து வைத்த கல்யாண உடை, ஷெத்தா. அதையும் ஓர் ஆளாகச் சேர்க்கத்தான் வேண்டும். அந்த வீட்டில் அதற்கு இருந்த மரியாதை வேறு எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

மணப்பெண்ணின் அக்கா வஹீபாவைச் சேர்க்க முடியாது. அவள் நிலைப்படிக்கு வெளியே காபித் தட்டுடன் நின்றாள். தலாக் ஆகி வந்தவள் கல்யாண உடை இருக்கும் அறைக்குள் வரக்கூடாது என்று காலையிலேயே சொல்லியாகிவிட்டது. தட்டைப் படியின் மேல் வைத்தாள். சின்ன அத்தை குனிந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவள் விரல் வஹீபாவின் விரலில் படவில்லை. கவனமாகத்தான் இருந்தாள்.

ஹாஜா ஃபத்தூமா மணப்பெண்ணின் வீட்டுச் சட்டையைத் தலைவழியாக உருவினாள். உருவியவள் கை அப்படியே நின்றது.

ஸுமெய்யாவின் தோளிலிருந்து முதுகு வரை பெல்ட் தடம். பக்கிள் பட்ட இடங்களில் தோல் கிழிந்து காய்ந்திருந்தது. கழுத்தடியில் ஊதாவாக ஒரு கட்டைவிரல் அச்சு.

பெரிய அத்தை காபியை உறிஞ்சினாள். அம்மா ஜன்னல் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

"யாரு?" என்றாள் ஹாஜா ஃபத்தூமா.

"அண்ணன்தான்," என்றாள் அம்மா. "பிடிவாதம் பண்ணா. வேற யாரு அடிப்பா?"

வேறு யாரோ அடித்திருந்தால்தான் தப்பு என்பதுபோல ஹாஜா ஃபத்தூமா தலையாட்டினாள். ஷெத்தாவின் மேல்சட்டையோ மெல்லிய வலைத்துணி, எதையும் மறைக்காது. அவள் கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"முத்துச் சரத்த ரெண்டு வரிசை கூட இறக்கிடலாம். முதுகுக்கு வெல்வெட் கஃப்தான் அங்கி இருக்கு. ஒண்ணும் தெரியாது."

ஷெத்தாவில் ஒன்றும் தெரியாதுதான். வஹீபாவுக்கு அது நன்றாகத் தெரியும். போன முறை அந்த உடைக்குள் இருந்தவள் அவள். தங்கச்சரிகை இழைத்த கஃப்தான், தலையில் கூம்புத் தொப்பி, கழுத்திலிருந்து தொப்புள் வரை முத்தும் காசுமாலையும். சுல்தான் வீட்டுப் பெண்கள் உடுத்தியது என்று திலெம்சான் நகரம் முழுக்கப் பெருமை பேசும். ஏழை வீட்டுப் பெண்ணும் இரவல் வாங்கியாவது அதில்தான் புகுந்த வீடு போவாள். அத்தனை முத்தும் கண்ணேறு படாமல் இருக்க, கெட்ட ஆவி வயிற்றில் இறங்காமல் இருக்க. ஆவி எதுவும் வஹீபாவிடம் வந்ததில்லை. வந்தது புருஷன்தான். ஐந்து வருஷம் அவன் அடித்ததில் இடது காது போயிற்று. அதன்பிறகு அவனே தலாக் சொல்லி அனுப்பிவிட்டான். அம்மா முதல் வேலையாக ஷெத்தாவைத்தான் கேட்டு வாங்கினாள். வெயிலில் போட்டு, ஊதுபத்தி காட்டி, சுத்தமாகிவிட்டது என்று மடித்து வைத்தாள். வஹீபாவுக்கு அப்படி ஒரு சுத்தம் கிடையாது.

மாப்பிள்ளை ஜெலூலும் தலாக் ஆனவன்தான். அவனுடைய முதல் மனைவியை வஹீபா பொதுக்குளியல் அறையில் பார்த்திருந்தாள். அங்கே எதையும் மறைக்க முடியாது. அவள் தாடை உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. சோப்பை நழுவவிட்டபோது வலது கை அதை எடுக்க மடங்கவில்லை. "உன் தங்கச்சியா?" என்று மட்டும் கேட்டாள். வஹீபா ஆமாம் என்றதும் முகத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு எழுந்துபோனாள்.

வஹீபா வீட்டுக்கு வந்து சொன்னாள். ஸுமெய்யா முடியாது என்றாள். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் பூமதியன்தான் பொறுப்பு. ஜெலூலின் அப்பாவிடம் லாரிகள் இருந்தன, அதில் ஒன்றை ஓட்டும் வேலை பூமதியனுக்கு என்று பேச்சாகியிருந்தது. அவன் பெல்ட்டைக் கழற்றினான். பெல்ட் ஓய்ந்த பிறகு ஸுமெய்யா எதுவும் சொல்லவில்லை. அது சம்மதம் ஆயிற்று.

அறைக்குள் முத்து ஏறிக்கொண்டிருந்தது. சரத்தின் கனம் புண்ணில் இறங்கும்போதெல்லாம் ஸுமெய்யா பல்லைக் கடித்தாள். கன்னங்களில் சிவப்பு வட்டம் வரைந்து வெள்ளிப் புள்ளி வைத்தார்கள். கடைசியில் தொப்பி மட்டும் மிச்சம். அதை மாப்பிள்ளையின் அம்மாதான், முற்றத்தில் எல்லார் முன்னாலும் வைப்பாள். ஒரே புருஷனோடு வாழ்ந்து, பிள்ளை பெற்று, அந்தப் புருஷன் உயிரோடு இருப்பவள் கையால்தான் அது ஏற வேண்டும்.

ஸுமெய்யாவைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். நிலைப்படியில் அவள் வஹீபாவைப் பார்த்தாள். அழவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"அவன் என்னக் கொன்னுடுவான்க்கா."

வலது காதுப் பக்கமாகத்தான் சொன்னாள். அந்த வீட்டில் எந்தக் காது கேட்கும் என்று ஞாபகம் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

"அவ கிட்ட போகாத, தள்ளு," என்று பெரிய அத்தை வஹீபாவை முழங்கையால் சமையலறைக்குள் இடித்துத் தள்ளினாள்.

முற்றத்தில் தம்பூரிப் பறையும் வயலினும் ஒலித்துக்கொண்டிருந்தன. பெண்கள் குலவையிட்டார்கள். ஸுமெய்யாவை மேடையில் உட்காரவைத்தார்கள். லல்லா ஸனூபியா, மாப்பிள்ளையின் அம்மா, பட்டுத்துணி விரித்த தட்டிலிருந்து தொப்பியை எடுக்குமுன் கை கழுவப் போனாள். தட்டு மேடையில் தனியாக இருந்தது.

வஹீபா சமையலறையில் பாதாம் உருண்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மாவுச்சர்க்கரை. அவள் அதைத் துடைக்கவில்லை. நேராக நடந்தாள். வேலைக்காரி ஏதோ எடுக்கப் போகிறாள் என்று நினைத்ததுபோல விருந்தாளிகள் வழிவிட்டார்கள். மேடையில் ஏறி, தொப்பியை இரண்டு கையாலும் எடுத்து, தங்கையின் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே நாடாவை முடிந்தாள். பிறகு முத்துச் சரங்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். கஃப்தானின் ஊதா வெல்வெட்டில் அவள் விரல்கள் வெள்ளையாகப் பதிந்தன.

இசை நின்றது. முதலில் வயலின், அப்புறம் தம்பூரி.

லல்லா ஸனூபியா ஈரக் கையோடு வந்து நின்றாள். "யாருடீ தொட்டது?"

"நான்தான், லல்லா," என்றாள் வஹீபா. "தலாக் ஆன கை. அஞ்சு வருஷம் அடி வாங்கின கை. முழுசாத் தொட்டுட்டேன்."

"உன் மகன் கையும் தலாக் ஆன கைதானே?" என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. லல்லா ஸனூபியா தன் மருமகள்களைப் பார்த்தாள், சால்வையை எடுத்தாள்.

"என் வீட்டுக்குள்ள இந்த உடை வராது. இந்தப் பொண்ணும் வராது. எம்புள்ளைக்கு ஒரு தடவை கெட்டது போதும்."

அம்மா அவள் காலில் விழப் போனாள். லல்லா ஸனூபியா காலை இழுத்துக்கொண்டாள். சந்தில் கார்கள் ஹாரன் அடிக்காமல் திரும்பிப் போயின. அடியும் கெஞ்சலும் நிறுத்தாத கல்யாணத்தை ராசியில்லாத ஒரு கை நிறுத்திவிட்டது.

பூமதியன் ஆண்கள் கூடத்திலிருந்து வந்தான். கத்தவில்லை. வஹீபாவின் முடியைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்தான். அவள் தலை குழாயில் மோதி நெற்றி கிழிந்தது. பாதாம் தட்டு கவிழ்ந்தது.

"எந்தக் கையால தொட்ட?"

"ரெண்டாலயும்."

அவன் அவளுடைய வலது கையைப் பிடித்துக் கதவிடுக்கில் வைத்தான். மற்ற கையால் கதவை அறைந்தான். ஒரு தடவை. எலும்பு உடைந்த சத்தம் முற்றம்வரை கேட்டது. இரண்டாவது தடவை கதவைத் திறந்தபோது பெரிய அத்தையே வந்து அவன் தோளைப் பிடித்தாள்.

"போதும்டா. பக்கத்து வீட்ல கேக்குது."

அவன் வஹீபாவைத் தரதரவென்று வாசல்வரை இழுத்துத் தெருவில் தள்ளினான். மாவுச்சர்க்கரையும் ரத்தமுமாக அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். எதிர்வீட்டு ஆண்கள் காபிக் கிளாஸோடு பார்த்தார்கள். ஒருவன், "கல்யாண வீடா, கசாப்புக் கடையா?" என்றான். மற்றவன் சிரித்தான்.

உள்ளே ஸுமெய்யா மேடையிலிருந்து இறங்கினாள். தொப்பியைக் கழற்றி அம்மாவின் மடியில் வைத்தாள். காசுமாலை, முத்துச் சரங்கள், ஒவ்வொன்றாக. பிறகு கஃப்தான். கடைசியில் அந்த வலைத்துணி மேல்சட்டையும் பாவாடையும்தான் மிச்சம். அதன்வழியே முதுகு முழுக்கத் தெரிந்தது.

அம்மா ஷெத்தாவை மார்போடு அணைத்துக்கொண்டு, "அதுல மாவு ஒட்டியிருக்கு, யாராவது ஈரத் துணி கொண்டாங்க," என்றாள். பிறகுதான் மகளைப் பார்த்தாள். "இப்படியே எங்கடீ போற? போர்த்திக்கோ. ஊர் பாக்கும்."

ஸுமெய்யா வாசலை நோக்கி நடந்தாள். வாசலில் நின்ற பூமதியன் மீண்டும் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனான். அவள் முதுகை அவன் பக்கம் திருப்பி நின்றாள். அடிக்க இடமில்லை என்று அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல. அவன் கை இறங்கியது. அவள் படியிறங்கினாள்.

தெருவில் சிரிப்பு நின்றது. கிளாஸ்கள் கீழே இறங்கின. எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

வஹீபா இடது கையால் தன் தலைத்துணியை அவிழ்த்துத் தங்கையின் தோளில் போடப் போனாள்.

"மூடாதக்கா," என்றாள் ஸுமெய்யா. "இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

அக்காவின் நல்ல கைக்குக் கீழே தோள்கொடுத்துத் தூக்கினாள். இருவரும் இரண்டு எட்டு வைப்பதற்குள் பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி திரும்பியது, குறுக்குக் கட்டை விழுந்தது. வஹீபாவின் வலது காதில் அது நன்றாகவே கேட்டது.