சியாட்டில் சட்டையின் கிழிசல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வால்பாறையில் கிழிந்த சட்டைகள் மழையில் நனைந்தால் கிடார் வாசித்தன. கிழியாத சட்டைகள் வழக்கம்போலச் சும்மா இருந்தன.

எல்லாக் கிழிசலும் வாசித்துவிடவில்லை. மீரான் பாய் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவிழ்க்கும் பழந்துணி மூட்டையிலிருந்து வந்த கிழிசல்கள் மட்டும்தான் வாசித்தன. அமெரிக்காவில் சியாட்டில் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கும் மழை ஓயாது. வெளியே போக வழியில்லாத பிள்ளைகள் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் உட்கார்ந்து கிடாரையும் டிரம்மையும் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இசைக்கு கிரஞ்ச் என்று பெயர். அழுக்கு என்று அர்த்தம். வாசிக்கும்போது அவர்கள் போட்டிருந்த கட்டம்போட்ட தடித்த சட்டைகள் நைந்து, மூட்டையாகி, கப்பலேறி, தூத்துக்குடியில் இறங்கி, லாரியில் மலையேறின. மஞ்சள் தூள் போட்டு வைத்த டப்பாவைக் கழுவினாலும் வாசம் போகாதில்லையா, அதுபோல இசையும் கூடவே வந்துவிட்டது.

எப்சிபா அதில் ஒன்றைத் தன் தம்பி ஆசீருக்காக எடுத்தாள். அவள் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். அப்பா எப்போதோ மலையிறங்கிப் போனவர், திரும்பவில்லை. அம்மா இறந்தபின் தம்பியை வளர்த்தது அவள்தான். தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் மாடியில் அவனுக்கு வேலை. வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை.

"இது நனைஞ்சா சத்தம் போடும், தாயீ. பரவாயில்லையா?" என்றார் மீரான் பாய்.

"குளிர் தாங்குமா பாய்?"

"நல்லாத் தாங்கும்."

"அப்பக் குடுங்க." நெஞ்சுப் பக்கம் பொத்தான் அளவில் ஒரு ஓட்டை இருந்தது. அவள் அதில் விரலை விட்டுப் பார்த்தாள். "இதைப் போட்டிருந்தவரு வேற சட்டை வாங்கிக்கிட்டாரா?"

"அது தெரியல தாயீ. சட்டை மட்டும்தான் வந்துச்சு."

முதல் மழையிலேயே சட்டை வேலையைத் தொடங்கியது. பொத்தான்களைப் போட்டிருந்தால் முணுமுணுத்தது. அவிழ்த்தால் இரைந்தது. மறுபடி போட்டால் முணுமுணுப்புக்குத் திரும்பியது. மெல்ல, பலமாக, மறுபடி மெல்ல. அந்த இசைக்கு அதுதான் முறை என்று பிற்பாடு விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஆசீருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அம்மாவைப் புதைத்த அன்று அவன் அழாமல் விட்ட அழுகை முழுவதும் அந்த ஓட்டை வழியாக வந்தது. எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் நின்று கேட்ட எப்சிபா, கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கை அவிழ்க்க மறந்து, அப்படியே தேம்பினாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் தங்கள் காரணத்துக்காக அழுதார்கள். பிறகு எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினார்கள்.

விஷயம் பரவியது. சர்ச்சில் போதகர் ஆசீருக்கு ஒழுகும் ஓட்டுக்குக் கீழே இடம் ஒதுக்கினார். ஜெபத்தின்போது கழுத்துவரை பொத்தான், பாட்டின்போது அவிழ்க்கலாம் என்று ஏற்பாடு. ஃபேக்டரியில் சங்கு ஊதுவதை நிறுத்திவிட்டு, ஆசீர் பொத்தான் அவிழ்த்ததும் வேலை தொடங்கினார்கள். ரேஷன் கடைக் கதவை உடைக்க வந்த யானை ஒன்று, வந்த வேலையை மறந்து, காதை ஆட்டாமல் நின்று கேட்டுவிட்டுப் போனது. அடுத்த மழைக்கும் வந்தது. ஆனைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம் என்பார்கள். அது ஆசீரின் காலம்.

சென்னையிலிருந்து கேசட் கம்பெனிக்காரர் சுதர்சனம் கழுத்தில் டையோடு வந்து சட்டையைப் பதிவுசெய்துகொண்டு போனார். கேசட்டை வாளித் தண்ணீரில் முக்கினால்தான் பாடும் என்பதால், குடிநீர்த் தட்டுப்பாடு உள்ள ஊர்களில் அது சரியாக விற்கவில்லை. மற்ற ஊர்களில் பிய்த்துக்கொண்டு போனது. கோயம்புத்தூர்க் கடைகளில் புதுச் சட்டையிலேயே கத்தரி வைத்து ஓட்டை வெட்டித் தொங்கவிட்டார்கள். அவை நனைந்தபோது குக்கர்போல விசில் மட்டும் விட்டன. உடுத்தி உடுத்தி விழுந்த ஓட்டைக்குத்தான் பேசத் தெரியும்; வெட்டிய ஓட்டைக்கு என்ன குறை இருக்கிறது, அது பேசுவதற்கு?

கேட்பவர்கள் கூடக் கூட ஓட்டையும் பெரிதானது. ஆளுக்கு ஓர் இழை அளவு. பொத்தான் அளவு இருந்தது உள்ளங்கை அளவானது. பிறகு சாப்பாட்டுத் தட்டு அளவானது. ஓட்டைக்குப் பின்னால் ஆசீரின் நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் ஊரின் மழையும், ஒரு விளக்குக் கம்பமும், ஈரத் தெருவும் தெரிந்தன. ஒரு காலையில் எப்சிபா டீ ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்தான். டீ அந்தத் தெருவில் போய் விழுந்தது.

"தைச்சிடவாடா?" என்றாள்.

"தைச்சா சத்தம் நின்னுடும்க்கா."

"நிக்கட்டும்."

"பொள்ளாச்சியில இருந்தெல்லாம் பஸ் புடிச்சு வந்து நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"எனக்கு என்ன சொல்லுவே?"

அவன் தலையைக் குனிந்து, இருக்கிற பொத்தான்களைப் போட்டுக்கொண்டான்.

அவன் தூங்கும்போது தன் சேலையிலிருந்து நூல் உருவிக் கோத்துத் தைத்துப் பார்த்தாள். நூல் நிற்கவில்லை, வழுக்கி அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டாவது நூலும் போனது. அவளுக்குக் கணக்குப் புரிந்தது. பலபேர் சேர்ந்து பெரிதாக்கிய ஓட்டையை ஒருத்தியின் சேலை எப்படி அடைக்கும்? இன்னும் இரண்டு மழை தாங்கமாட்டான் என்று தெரிந்தது.

அடுத்த ஞாயிறு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் திடலில் கூட்டம் கூடியிருந்தது. மழை நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது. ஆசீர் வந்து நின்றபோது அவனில் தலையும், கைகளும், சட்டையின் காலரும், முழங்காலுக்குக் கீழே உள்ளதும்தான் மீதி. கூட்டம் அன்போடு காத்திருந்தது. அவன் மேல் அவர்களுக்கு உண்மையிலேயே பிரியம். அதில் சந்தேகமே இல்லை. பிரியத்தால்தான் அவன் கரைந்துகொண்டிருந்தான்.

அவன் காலர் பொத்தானில் கை வைக்குமுன் எப்சிபா குறுக்கே வந்து நின்றாள். கையில் சாக்கு தைக்கும் ஊசி.

"கேட்டவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு நூல் உருவிக் கொடுங்க," என்றாள். "உங்க உடுப்புல இருந்து. என் சேலை பத்தல."

"தைச்சா சத்தம் போயிடுமேம்மா," என்று ஒருவர் வருத்தமாகச் சொன்னார்.

"போயிடும். இவன் இருப்பான்."

கூட்டத்தில் அவரவர் தங்கள் உடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். நல்ல குளிர். பலரிடம் இருந்தது ஒரே ஸ்வெட்டர். யாரும் அசையவில்லை. ஆசீரின் காலர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. எப்சிபா கையை நீட்டியபடி நின்றாள்.

"வித்தவன் நான்தானே," என்று முன்னே வந்தார் மீரான் பாய். தலையிலிருந்த தொப்பியிலிருந்து ஒரு வெள்ளை நூலை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தார். பின்னாலேயே போதகர் வந்தார், அங்கியிலிருந்து. பறிப்புக்காரப் பெண்கள் வந்தார்கள். பொள்ளாச்சிக்காரர்கள் வந்தார்கள். அன்றைக்கும் வந்திருந்த சுதர்சனம் தன் டையிலிருந்து ஊதா நூல் ஒன்றை இழுத்து, "நானும் கேட்டவன்தான்," என்று கூச்சத்தோடு கொடுத்தார். கடைசியில் யானை வந்து திரும்பி நின்று வாலைக் காட்டியது. எப்சிபா ஒரு முடியைப் பிடுங்கிக்கொண்டாள். ஊர் கூடினால்தான் தேர் நகரும்.

அவள் அங்கேயே உட்கார்ந்து தைத்தாள். இந்த நூல்கள் வழுக்கவில்லை. விளக்குக் கம்பம் முதலில் மறைந்தது, பிறகு தெரு, பிறகு அந்த ஊரின் மழை. சத்தம் தாழ்ந்துகொண்டே வந்து, பெருமூச்சாகி, நின்றது. யானை முடியால் கடைசி முடிச்சைப் போட்டுப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டைக்குப் பின்னால் ஒரு நெஞ்சு ஏறி இறங்கியது.

"குளிருதுக்கா," என்றான் ஆசீர். அவன் பல் தந்தியடித்தது. அவள் அவனைக் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் அழுதாள். கூட்டம் கலைந்து, அவரவர் பேருந்தைப் பிடித்தது.

நூல் உருவிய இடத்தில் எல்லோருடைய உடுப்பிலும் சின்னதாக ஓர் ஓட்டை விழுந்திருந்தது. அடுத்த மழையில் அவை எல்லாம் முணுமுணுத்தன. பெரிய இரைச்சல் இல்லை. அவரவர் துக்கத்துக்குப் போதுமான அளவு. அந்த உடுப்புகளோடு ஒரே தண்ணீரில் துவைத்த மற்ற உடுப்புகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. கிரஞ்ச் முடிந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் இன்றைக்கும் கோவையிலோ சென்னையிலோ மழைநேரத்து நெரிசல் பேருந்தில் காதைத் தீட்டினால், கம்பியைப் பிடித்திருக்கும் யாரோ ஒருவரின் அக்குளிலிருந்து ஒரு கிடார் கேட்கும். பக்கத்தில் நிற்பவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்.

ஆசீர் இப்போது ஃபேக்டரியில் சூப்பர்வைசர். கல்யாணமாகிவிட்டது. சட்டையை மழைக்காலத்தில் மட்டும் போடுகிறான். அது ஒன்றும் பேசுவதில்லை. குளிர் நன்றாகத் தாங்குகிறது.

போன ஆனியில், பேருந்து நிலையத்துக்கு முன்னால் மழையில் ஓர் ஓட்டை வந்து நின்றது. ஆள் உயரம், ஒல்லி, கொஞ்சம் கூன், தோள்வரை முடி. அந்த வடிவத்துக்குள் மட்டும் ஒரு துளி விழவில்லை. பேருந்துகள் அதற்குக் குறுக்கே போகாமல் சுற்றிப் போயின.

மீரான் பாய் தடியூன்றி வந்து பார்த்தார். உடனே ஆள் அனுப்பி எப்சிபாவை வரவழைத்தார்.

"சட்டைக்காரரு வந்துட்டாரு, தாயீ."

எப்சிபா அந்த வடிவத்தைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். நெஞ்சுப் பக்கம் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"இவரையும் எவ்வளவோ பேரு கேட்டிருப்பாங்களே," என்றாள். "ஒருத்தர்கூட நூல் கொடுக்கலயா?"

பக்கத்தில் வந்து நின்ற ஆசீர், தன் சட்டையின் தைத்த இடத்தைத் தடவி, அதிலிருந்து முதல் நூலை உருவினான். நெஞ்சில் பொத்தான் அளவில் ஓர் ஓட்டை திறந்து, மெல்ல முணுமுணுத்தது. அவன் அதைக் கையால் பொத்திக்கொண்டு நூலை அக்காவிடம் நீட்டினான். எப்சிபா ஊசியில் கோத்தாள்.

அவளுக்குப் பின்னால் மீரான் பாய் தொப்பியைக் கழற்றினார். வரிசை ரேஷன் கடைவரை நீண்டது. அதன் கடைசியில் யானை இப்போதே வாலைத் திருப்பிக்கொண்டு, தன் முறைக்காக நின்றது.