ஹிராமே என்று மாட்டிய பலகை

மீனைக் கழுவும்போதே ஸுமியே பார்த்துவிட்டாள். கண்கள் இரண்டும் வலப்பக்கம் இருந்தன. வாய் சட்டைப் பித்தான் அளவுதான். இடப்பக்கம் கண்ணும் பல் நிறைந்த அகன்ற வாயுமாக இருக்கிற ஹிராமே இல்லை இது, அதன் பங்காளியான காரேய். பாழாய்ப்போனது, இரண்டும் ஒரே தட்டை! ஆனாலும் ஷியோகாமா துறைமுகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லிவிடும்.

அதற்குள் அவள் கணவர் டொகுஜி ‘ஹிராமே’ என்று எழுதிய மரப்பலகையை அவர்களுடைய ஸுஷிக் கடையின் சுவரில் மாட்டியிருந்தார்.

மூளையில் ரத்தம் கட்டியதிலிருந்து அவருக்கு இடம் வலம் குழம்பியது. டாக்டர் இடக்கையைத் தூக்கச் சொன்னால் வலக்கையைத் தூக்குவார். “ஒரு நாள் கடையை நடத்திக் காட்டுறேன். தப்பு பண்ணினா நானே மூடிடுறேன்” என்று சவால் விட்டுத்தான் இன்று காலை தனியாக மீன் சந்தைக்குப் போனார். சொல்லிவிட வேண்டும் என்று ஸுமியே வாயெடுத்தபோது கதவு திறந்தது. பழைய வாடிக்கைக்காரர் வகபயாஷி.

“என்ன தலைவரே, செத்துட்டீங்கன்னுல்ல பேசிக்கிட்டாங்க!”

“உன்னை அனுப்பிட்டுத்தான்யா போவேன். உக்காரு, ஹிராமே வந்திருக்கு.”

கத்தி என்னவோ பழைய வேகத்தில்தான் ஓடியது. பச்சை மீன் துண்டு ஒன்றைச் சோற்றுப்பிடியில் வைத்துக் கொடுத்தார். வகபயாஷியின் தாடை ஒரு நொடி நின்றது. பலகையைப் பார்த்தார், பிறகு ஸுமியேயைப் பார்த்தார். அவள் தேநீர்க் கோப்பையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“ஆஹா! ஹிராமேன்னா இதுதான். இன்னொண்ணு குடுங்க.”

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிற மனிதர், இரண்டாவதை விழுங்கியதும் எழுந்து போய்விட்டார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த நல்லதனத்தை ஸுமியேயால் தாங்க முடியவில்லை.

“பாத்தியா? என்னமோ பயந்தியே!” என்று சிரித்தபடி டொகுஜி மிச்சத் துண்டை வாயில் போட்டார். மெல்ல மெல்ல அவர் முகம் செத்துப்போனது.

“அவனுக்குத் தெரிஞ்சிருச்சு, இல்ல?”

“ம்.”

“உனக்கு?”

“கழுவுறப்பவே தெரியுங்க.”

“அடிப்பாவி” என்றார். குரலில் கோபமே இல்லை. அவள் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கதவு மறுபடி திறந்தது. குளிரோடு நான்கு பேர் உள்ளே வந்தார்கள்.

“வாங்க, வாங்க!” டொகுஜியின் தொண்டையிலிருந்து கணீரென்று வந்தது, பழக்கம். வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து அவரையே பார்த்தார்கள். அவர் மீன் வெட்டும் ஈரப் பலகையில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தபடி நின்றார். கத்தி பக்கத்திலேயே கிடந்தது.