காப்புக் கட்டிய ஊரில் ஒரு மண்புழு

அரணை இல்லை, அரணை இல்லை, அரணை இல்லை. மலைக்கிராமமான பூண்டிக்கு வந்து இறங்கிய அன்றே இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கண்ணாடித் தொட்டியைச் சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவராவது காது கொடுக்க வேண்டுமே! "அரணை கடிச்சா மரணமுல்ல டீச்சர், வீட்டுக்குள்ளயா வைப்பீங்க?" என்றாள் ஒருத்தி. இது தவளை ஜாதி, நியூட் என்று பெயர், கடிக்காது, தவளைக்கு வால் இருந்தால் எப்படியோ அப்படி நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "தவளைக்கு எங்கிட்டு டீச்சர் வாலு?" என்று இன்னொருத்தி சிரித்தாள். கொடைக்கானல் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிற தமயந்தி டீச்சருக்குக் கிடைத்த மரியாதை இது.

நான் ஒன்றும் ஆசைப்பட்டு அந்தக் கிராமத்துக்குத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. கோடை விடுமுறையில் பள்ளிக்கூடம் முழுக்கச் சுண்ணாம்பு அடிக்கப் போகிறார்கள், உன் பூச்சிகளை எடுத்துக்கொண்டு போ என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார். பூச்சிகளாம்! பழனியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் கொண்டு போக முடியாது. போன வருஷம் அப்படித்தான் ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மலை இறங்க இறங்க வெக்கை ஏறி, வீட்டு வாசலை மிதிப்பதற்குள் இரண்டும் செத்துப் போயின. மிச்சம் இருப்பது இந்த ஒரு ஜோடிதான். இவற்றை டார்ஜிலிங்கிலிருந்து அனுப்பிய தோழி, சீனச் சண்டைக்குப் பிறகு அந்த ஊரை விட்டே போய்விட்டாள். நம் பக்கத்து மலைகளில் சல்லடை போட்டுத் தேடினாலும் இந்த ஜீவன் கிடைக்காது.

போதாக்குறைக்கு இந்த ஜோடியில் பெண்ணின் வயிற்றில் முட்டை. மூன்று வருஷமாக நான் காத்துக் கிடந்தது அதற்குத்தான். ஆனால் கொடைக்கானலிலேயே அந்தப் பங்குனியில் அடித்த வெயிலில் அது தின்பதை நிறுத்திவிட்டது. வயிறு உப்பலாக இருக்க, முதுகெலும்பு மட்டும் தோலுக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது. தின்னாவிட்டால் உடம்பு முட்டையைத் தானே கரைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தாயும் தேறாது.

விடுதிச் சமையலுக்குப் பூண்டும் கேரட்டும் கொண்டுவந்து போடுகிற சின்னத்தாயிதான் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுல கொண்டாந்து வைங்க டீச்சர். பின்கட்டு எந்நேரமும் குளுந்துதான் கெடக்கும்" என்றாள். காய் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில், ஈரச் சாக்கு சுற்றிய தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். அந்த ரோட்டை ரோடு என்று சொன்னவனை நான் ஒருமுறை பார்க்க வேண்டும். வந்து பிரித்தால் கல், மண், பாசி எல்லாம் ஒன்றாகக் கலந்து கூட்டாஞ்சோறாகிக் கிடந்தது.

மறுபடி முதலிலிருந்து கட்டினேன். அடியில் கூழாங்கல், அதன் மேல் அடுப்புக்கரித் தூள், அதன் மேல் சோலைக்காட்டு மண். தொட்டியின் ஒரு பாதியில் ஓடைத் தண்ணீர், மறு பாதியில் கரை. கரை சரிந்து இறங்க வேண்டும். செங்குத்தாக இருந்தால் ஏற முடியாமல் தண்ணீரிலேயே கிடந்து களைத்துவிடும். கரையில் பாசியைப் பாய் போல விரித்து, ஒரு பெரணிச் செடி நட்டு, நுழைந்து ஒளிந்துகொள்ள ஓட்டுத் துண்டைக் கவிழ்த்தேன். தண்ணீருக்குள் மெல்லிய இலையுள்ள நீர்ச்செடி வைத்தேன். முட்டையை ஒவ்வொன்றாக அந்த இலைகளில்தான் ஒட்டும். எல்லாம் முடிந்ததும் சின்னத்தாயியின் புருஷன் மலைச்சாமி, கழுநீர் ஓடுகிற இடத்தில் ஒரு கொத்துக் கொத்தி, மண்புழு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பெண் நியூட் தலையைத் திருப்பியது. புழு நெளிந்தது. இது ஒரு அடி எடுத்து வைத்து, சட்டென்று கவ்வி, தலையை உதறி உதறி விழுங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வாரம் இப்படித் தின்றால் போதும், முட்டை போட்டுவிடும் என்று மலைச்சாமியிடம் சொன்னேன். "ரெண்டு என்ன டீச்சர், நம்ம வயல்ல வருசம் பூராம் புழுதான்" என்றார்.

அன்று சாயங்காலம் ஊரில் மேளம் கேட்டது. அம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார்கள் என்றார்கள். நானும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். எங்கள் அப்பா பழனி மலைக்கோயிலில் திருமஞ்சனத் தண்ணீர் சுமக்கிறவர். காப்பு என்றால் என்ன என்று எனக்கா தெரியாது? கவிச்சி கூடாது, எல்லை தாண்டக் கூடாது, இதெல்லாம் பிறந்ததிலிருந்து பார்த்தது. ஆனால் ஊருக்கு ஊர் முறை மாறும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

காலையில் வெள்ளனே எழுந்து, புழு வேண்டும் என்று கேட்டேன். சின்னத்தாயி கையில் இருந்த சொம்பை அப்படியே கீழே வைத்தாள்.

"இனிமே மண்ணு வெட்டக் கூடாது டீச்சர்."

"எப்போது வரைக்கும்?"

"காப்பு அவுக்குற வரைக்கும். அடுத்த வெள்ளிக்குப் பெறகு இன்னொரு வெள்ளி."

"இதை ஏன் நேற்றே சொல்லவில்லை?"

"ஊருக்கே தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டேன்" என்றாள், மிகவும் நியாயமான பதில் போல.

நேரே ஊர்ப் பெரியதனம் சேனாதிபதியிடம் போனேன். ஊரின் வழக்கு, திருவிழா எல்லாம் அவர் சொல்படிதான். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் எனக்கு மேலும் எரிச்சலை மூட்டியது.

"பூமித்தாயி இப்ப விரதத்துல இருக்காம்மா. மம்மட்டி படக் கூடாது."

"ஒரு சாண் குழி போதுங்க."

"ஊசி மொனை பட்டாலும் பட்டதுதாங்கம்மா."

"எருக்குழியைக் கிளறிக்கொள்கிறேன்."

"அதுவும் மண்ணுல சேந்ததுதானுங்களே."

"சரி, எல்லைக்கு அந்தப் பக்கம் சோலைக்குள் போய் எடுத்து வருகிறேன்."

"காப்பு கட்டயில ஊருக்குள்ள இருந்துட்டீங்க. இனி எல்லை தாண்டுனா அம்மன் குத்தமாயிரும். பழனிக்காரவுக, ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

அந்தக் கடைசி வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன். அவர் காதிலும் விழுந்திருக்கும், விழட்டும்.

அதன் பிறகு நான் பட்ட பாட்டை எழுதினால் சிரிப்பார்கள். கோடைக் காய்ச்சலில் தரை காய்ந்து கிடந்ததால், கல்லைப் புரட்டினால் புழுதிதான் இருந்தது. புழுவெல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டிருந்தன. எறும்பு போட்டேன். ஆண் நியூட் ஓர் எறும்பை வாயில் வாங்கித் துப்பியது. ஈயை அடித்து நூலில் கட்டி அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டினேன். பெண் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு துண்டு ஆட்டு ஈரலாவது கிடைத்தால் அதையும் நூலில் கட்டி ஆட்டலாம். காப்புக் கட்டிய ஊரில் ஈரல் என்று வாயைத் திறக்க முடியுமா? ஓடையில் துணி போட்டு அரித்தேன். கண்ணுக்குத் தெரியாத பொடிகள்தான் சிக்கின, ஆனைப் பசிக்குச் சோளப்பொரி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே என் காலுக்கு அடியிலேயே ஆயிரம் புழு இருக்கிறது, ஒன்றைத் தொட வழியில்லை.

பெண் நியூட் தண்ணீருக்கு வருவதையே விட்டுவிட்டது. ஓட்டுக்கு அடியில் முடங்கிக் கிடந்தது. விரலால் தொட்டால் மெதுவாக ஒரு காலை இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். எனக்கு யாரைப் பார்த்தாலும் கோபம் வந்தது. மலைச்சாமி வேறு எந்நேரமும் வாசலில் உட்கார்ந்து வானத்தையே முறைத்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் பதில் வராது. வேலை இல்லாத மனுஷனுக்கு இவ்வளவு முறுக்கு எதற்கு என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் மத்தியானம் பொறுக்க முடியவில்லை. வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து, மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். பின்வாசல் தாண்டியதும் சின்னத்தாயி எதிரே வந்து நின்றாள். கத்தவில்லை. மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் டீச்சர்."

"ஒரே ஒரு புழு சின்னத்தாயி. அது செத்துக்கொண்டிருக்கிறது. ஒரு புழுவுக்காக உங்கள் அம்மன் கோபித்துக்கொள்வாளா?"

"எனக்கு என்ன தெரியும்" என்றாள். பிறகு என்னைத் திருப்பி, வீட்டுக்குக் கீழே சரிவில் இருந்த வயலைக் காட்டினாள். "அந்தா பாருங்க. தாள் பூராம் பழுத்துச் சாஞ்சு கெடக்கு. பூண்டு வெளஞ்சு எடுக்கணும். மழை பிந்துனதால இந்த வருசம் நடவும் பிந்திப்போச்சு, திருவிழா முந்திக்கிருச்சு. ஒத்த மழை விழுந்தா அம்புட்டும் மண்ணுக்குள்ளயே அழுகிப்போகும். எங்க வீட்டுல பாதி உசிரு அங்கனதான் கெடக்கு. நாங்களே தொடாம இருக்கோம்ல?"

வெடுக்கென்று மண்வெட்டியை விட்டேன். வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. உள்ளே போய்த் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் தொடாமல் இருப்பது உங்கள் இஷ்டம், இந்த வாயில்லா ஜீவன் எந்த அம்மனுக்கு விரதம் இருக்க ஒத்துக்கொண்டது என்று அவளிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மறுநாள் பிற்பகல் மலையே இருட்டிக்கொண்டு வந்தது. காற்று நின்றது. ஓட்டின் மேல் பட் பட்டென்று துளி விழுந்து, எழுந்து நிற்பதற்குள் கொட்டத் தொடங்கியது.

மழை! மண்ணுக்குள் தண்ணீர் இறங்கினால் புழு தானாக மேலே வரும். மண்வெட்டி எதற்கு? பெரியதனத்தின் அனுமதி எதற்கு? "அம்மா தாயே, கண்ணைத் திறந்துட்டியே!" என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பாதையோரத்தில் குந்தி உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தேடினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு புழு நெளிந்து வந்தது. பிறகு இன்னொன்று. உள்ளங்கையில் பொத்திக்கொண்டு சிரித்தபடி நிமிர்ந்தேன்.

அப்போதுதான் கீழே பார்த்தேன்.

மேட்டு வயல்களில் விழுந்த தண்ணீரெல்லாம் வழிந்து சின்னத்தாயியின் பூண்டு வயலில் இறங்கிக்கொண்டிருந்தது. பழுத்த தாள்கள் தண்ணீரில் மூழ்கிப் படுத்துவிட்டன. மலைச்சாமி வரப்பில் நனைந்துகொண்டு நின்றார். அந்த வரப்பில் ஒரே ஒரு வெட்டு போட்டால் போதும், தேங்கிய தண்ணீர் அத்தனையும் பள்ளத்துக்கு ஓடிவிடும். அது அவருக்குத் தெரியாதா? வெறுங்கையோடு நின்றார். பக்கத்து வயல்காரர் நல்லுசாமி மேலே இருந்து, "ஏலே மலைச்சாமி, பாத்துக்கிட்டு நிக்காத, வீட்டுக்குப் போலே!" என்று சத்தம் போட்டார். அவர் வயலும் அப்படித்தான் கிடந்தது.

என் கையில் புழு நெளிந்தது. நான் போட்ட கூச்சல் நிச்சயம் அங்கே வரைக்கும் கேட்டிருக்கும். அதை எப்படித் திரும்ப வாங்குவது? வீட்டுக்குள் போகவும் முடியாமல், வயலுக்கு இறங்கவும் முகம் இல்லாமல் அங்கேயே நின்றேன். நான் போய் வெட்டிவிடட்டுமா என்று கேட்கலாம் என்றுகூடத் தோன்றியது. கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் தெரியும்.

சின்னத்தாயி வயலோரத்திலிருந்து ஏறி வந்தாள். சேலை முழுக்கச் சேறு. கையில் ஒரு கொட்டாங்கச்சி. அது நிறையப் புழு, கொழுகொழுவென்று.

"இந்தாங்க டீச்சர். வரப்போரம் பூராம் ஏறி வந்து கெடக்கு" என்று என் கையில் கொடுத்தாள். "அதாச்சும் திங்கட்டும்."

உள்ளே போய் ஒரு புழுவை ஓட்டுத் துண்டுக்கு முன்னால் விட்டேன். கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு பெண் மெதுவாகத் தலையை நீட்டியது, பார்த்தது, கவ்வியது. இத்தனை நாளாக நான் ஏங்கியது இதற்குத்தான். பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

சின்னத்தாயி வாசலிலேயே நின்றாள், சேற்றுக் காலோடு உள்ளே வரவில்லை.

"தின்னுச்சா?"

"தின்றுவிட்டது" என்றேன்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் மழையில் வயலுக்கு இறங்கிப் போனாள்.