நாலு காப்பிப்பழம்

ஹந்தானைச் சரிவில் விடியுமுன்னே பழம் பறிப்பு தொடங்கிவிடும். பனியில் நனைந்த கிளையை ஒரு கையால் வளைத்து, மறுகையால் சிவந்த பழத்தை மட்டும் உருவ வேண்டும். விரல்கள் மரத்துப்போகும். காம்பு கீறிய இடத்தில் சாறு பட்டு எரியும். தலையிலிருந்து முதுகில் தொங்கும் கம்பளியின் மடிப்பில் நாலைந்து பழமாவது விழுந்து கிடக்கும். அந்தியில் நிறுவை முடிந்ததும் அங்கேயே கம்பளியை உதறிவிட்டுத்தான் லயத்து வீடுகளுக்குப் போவார்கள்.

போன வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. வீரம்மா உதற மறந்தாள். மறுநாள் உப்பு வாங்கக் கண்டிக்கு இறங்கியவளைப் பொலிஸ்காரன் மறித்தான். மடிப்பில் நாலு பழம். காப்பித் திருட்டு என்று மறியல் வீட்டில் அடைக்கக் கொண்டுபோனார்கள்.

"இன்னும் எங்கே ஒளித்திருக்கிறாய்?" என்று வாசல் முற்றத்திலேயே, ஆண்கள் பார்க்க, காவற்காரன் அவள் சேலையைப் பிடித்தான். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு உள்ளவன். பேரன் பேத்தி கண்டவள் வீரம்மா. அவன் கையைத் தட்டிவிட்டுத் தானே அவிழ்த்தாள். தலை மட்டும் குனியவில்லை. பழத்தை அடையாளம் காட்ட வந்த தோட்டத்துரை, மறியல் நாற்றத்துக்கு மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு, குதிரைமேல் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு பழம் திருட்டாகாது என்று திங்கட்கிழமை நீதவான் அவளை விட்டுவிட்டார். கோர்ட்டு வாசலில் பெட்டிசம் எழுதும் நளீர் அவளிடம் சொன்னார்:

"பொம்புளய பொம்புளதான் சோதிக்கணும், அதுவும் அடைச்ச அறைக்குள்ள. சந்தேகப்படக் காரணமும் வேணும். அவங்க சட்டப் புத்தகத்திலயே அப்படித்தான் இருக்கு. பார்த்த ஒருத்தர் கையெழுத்து வெச்சா அந்தக் காவக்காரன் குத்தவாளிக் கூண்டுல நிப்பான்."

கூண்டில் நிற்பான் என்ற சொல்லை மூன்று நாளாக மென்றுகொண்டிருந்தாள் வீரம்மா.

இன்று துரை வந்தபோது பழம் பறிக்கும் அறுபது பேரும் காப்பி நிரையை விட்டு வெளியே நின்றார்கள்.

"என்ன நிக்கிறது? பழம் விழும்!"

"விழட்டும் தொர. மறியல் வாசல்ல பார்த்தத எழுதிக் கையெழுத்து வைங்க" என்றாள் வீரம்மா.

"நான் ஒண்ணும் பார்க்கலே."

"மூக்கத் துணியால பொத்திக்கிட்டுப் பார்த்தீங்க."

"கண்ணப் பொத்தத்தான் மறந்துட்டாரு!" என்றான் பின்னாலிருந்து அவள் கொழுந்தன் செல்லச்சாமி. கூட்டம் சிரித்தது.

துரையின் முகம் சிவந்தது. "கள்ளி! மறுபடியும் உன்னை மறியலுக்கு அனுப்பும்!"

வீரம்மா கம்பளியைக் கழற்றிக் குதிரையின் காலடியில் உதறினாள். பழங்கள் உருண்டன. மருமகள் பாலம்மா உதறினாள். செல்லச்சாமி உதறினான். பிறகு எல்லோரும். நேற்று அந்தியில் ஒருவரும் உதறவில்லை. வீரம்மா லயம் லயமாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தாள்.

"அறுவது கள்ளருங்க தொர. எல்லாரையும் புடிச்சுக் குடுங்க. அப்புறம் பழத்த யாரு பறிக்கிறான்னு பார்ப்போம்."

துரை குதிரையைத் திருப்பிக்கொண்டு பொலிசுக்கு விரைந்தான். அவர்கள் காத்திருக்கவில்லை. மறியல் வீட்டு வாசலுக்கே போவதென்று கண்டிப் பாதையில் இறங்கினார்கள்.

"மாமி, வாசல்ல திரும்பவும் உரியச் சொன்னா?" என்று கேட்டாள் பாலம்மா.

"அன்னிக்கு நான் ஒத்தையா நின்னேன்டி. இன்னிக்கு அறுவது பேர் அந்தத் தழும்புக்காரன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு நிப்போம். அவன் தலை குனியிற வரைக்கும் வீடு திரும்ப மாட்டேன்."

பின்னால் சரிவெங்கும் பழுத்த காப்பி உதிரத் தொடங்கியிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.