கன்னிக்கு வைத்த முதல் கிளாஸ்

நாக்கை அடக்கு என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கோவளம் போகிற சாலையில் ஒரு ஹோட்டலில் ஜூஸ் கவுண்டரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஏழு வருஷமாக இந்த நாக்குதான் எனக்குச் சோறு போடுகிறது. பழம் இன்றைக்கு எப்படி இருக்கிறது, எவ்வளவு சர்க்கரை தாங்கும், ஐஸ் உருகினால் ருசி எங்கே போய் நிற்கும் என்பதெல்லாம் எந்தச் செய்முறையிலும் எழுதியிருக்காது. ஒரு ஸ்பூன் வாயில் விட்டால் தெரிந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எனக்கும் வினீத்துக்கும் வலியசாலையில் அவன் வீட்டில் மோதிரம் மாற்றுவதாக இருந்தது. காலை எட்டு மணிக்கே பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு அங்கே போய் நின்றேன். வருகிற அறுபது பேருக்கும் கொடுக்க ஆரஞ்சு கிரீம் பஞ்சை நானே கலக்க வேண்டும் என்பது வினீத்தின் அம்மா பொன்னம்மை அத்தையின் உத்தரவு.

"மோதிரம் போடப்போற பொண்ணே நின்னு சர்பத்து கலக்குறத நான் எங்கயும் கேட்டதில்ல" என்று மார்த்தாண்டத்தில் என் அம்மா முதல் நாள் முழுக்கப் புலம்பினாள். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வருஷமாக இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டிருந்த மனுஷி, கடைசியில் கேட்டது ஒரு பஞ்ச். அதுவும் நான் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற பஞ்ச்.

ஆனால் முதல் கிளாஸ் விருந்தாளிகளுக்கு அல்ல, வினீத்தின் தங்கை திவ்யலட்சுமிக்கு. அவள் நான்கு வருஷத்துக்கு முன்பு டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனாள். பத்தொன்பது வயது.

கல்யாணமாகாமல் இறந்த பெண் அந்த வீட்டுக்குக் கன்னி. எங்கள் பக்கமும் இது உண்டு. வீட்டில் நல்ல காரியம் எதுவானாலும் முதலில் அவளுக்குப் புதுத்துணி, வளையல், பூ, அவளுக்குப் பிடித்த பண்டம் எல்லாம் வைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். கால்மணி நேரம் கழித்து மூன்று முறை தட்டிவிட்டுத் திறக்க வேண்டும். வைத்தது வைத்தபடி நன்றாக இருந்தால் அவளுக்குச் சம்மதம். கெட்டுப்போயிருந்தால் இல்லை.

திவ்யா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சிநேகிதிகளைக் கூட்டிவைத்து இந்தப் பஞ்சைத்தான் கலக்கிக் கொடுப்பாளாம். "புதுசா இந்த வீட்டுக்கு வாறவ கையால வைக்கணும். அவ ஏத்துக்கிட்டாத்தான் மோதிரம்" என்று அத்தை தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"ஏத்துக்கலேன்னா?" என்று வினீத்திடம் கேட்டேன்.

"சாரமில்ல அஜி, விடு. சடங்குதானே? அம்மா மனசு நெறஞ்சாப் போதும்."

"நெறையலேன்னா?"

அவன் போனைப் பார்த்தான். அம்மா சம்மதம் இல்லாமல் அவன் விரலை நீட்ட மாட்டான் என்று எனக்குத் தெரியும். அதற்காக அவன்மேல் எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன். ஆனாலும் அவனைத்தான் எனக்குப் பிடித்திருந்தது. என்ன செய்ய?

பஞ்ச் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆரஞ்சுச் சாறு, கொஞ்சம் எலுமிச்சை, டின்னில் வருகிற கெட்டிப்பால், வெனிலா ஐஸ்கிரீம், சோடா. அடுப்பே வேண்டாம். ஒரே ஓர் இடத்தில்தான் அது காலை வாரும். புளிப்போடு பால் சேர்ந்தால் திரிந்துவிடும். அதனால் சாதாரணப் பாலைத் தொடக்கூடாது. எல்லாமே பல் கூசுகிற அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். கெட்டிப்பாலில் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டி, மேலே ஐஸ்கிரீமை மிதக்கவிட்டு, கொடுக்கிற நேரத்தில் சோடாவை ஊற்றினால் முடிந்தது.

சாலைக் கடையிலிருந்து வந்திருந்த ஆரஞ்சு நல்ல இனிப்பு. எனக்கு எப்போதும் புளிப்பு ஒரு படி தூக்கலாக இருக்க வேண்டும். எலுமிச்சை பிழிந்தேன், ஸ்பூனை வாயில் விட்டேன், இன்னும் இரண்டு பிழிந்தேன், மறுபடி ருசி பார்த்தேன். சரியாக வந்திருந்தது. பெரிய எவர்சில்வர் பாத்திரத்திலிருந்து ஒரு கிளாஸில் ஊற்றி அத்தையிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, திவ்யாவின் அறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினார்.

கால்மணி நேரம் நாங்கள் நான்கு பேரும் கூடத்தில் நின்றோம். அத்தை, வினீத்தின் அப்பா குற்றாலலிங்கம் மாமா, வினீத், நான். அத்தை மூன்று முறை தட்டிக் கதவைத் திறந்தார்.

கிளாஸில் பஞ்ச் திரிந்திருந்தது. மேலே மஞ்சள் தண்ணீர், அடியில் வெள்ளைத் துணுக்குகள்.

விளக்கின் சூடாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து கிளாஸைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. வெளிப்புறம் வேர்த்திருந்த நீர்கூட இன்னும் வழியவில்லை. சமையலறைக்கு ஓடிப்போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தேன். அது வழவழவென்று அப்படியே இருந்தது. ஒரே பாத்திரம், ஒரே கரண்டி. ஏழு வருஷத்தில் என் கையில் ஒரு தடவைகூடத் திரிந்ததில்லை.

அத்தை என் பின்னாலேயே வந்திருந்தார். "எட்டி, நீ ருசி பாத்தியா?"

"பாத்தேன் அத்தை. எப்பவும் பாப்பேனே."

"எச்சிலக் கொண்டுபோயி எம் பிள்ளைக்கு வச்சிட்டியேட்டி!"

படையலுக்குச் சமைக்கிறவர்கள் ருசி பார்க்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் ஊரில் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் சமைப்பார்கள். ஆனால் ஐஸ்கிரீமும் சோடாவும் போட்ட ஒன்றைப் படையல் என்று என் கை நினைக்கவே இல்லை. ஹோட்டல் வேலை மாதிரி நினைத்து ஸ்பூனை விட்டுவிட்டேன்.

"மதி, போதும். மோதிரமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்று அத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வினீத் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஒரு வார்த்தை பேசுவான் என்று காத்திருந்தேன். மாமாதான் மெதுவாகச் சொன்னார்: "தெரியாமச் செஞ்ச பிழை. இன்னும் ஒரு தடவ வைக்கட்டும். அதுக்கும் அவளுக்கு மனசில்லேன்னா பொறவு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அப்போது மணி பத்தேகால். முதல் பாத்திரம் முழுவதையும் அத்தை முற்றத்துச் சாக்கடையில் கவிழ்த்தார். நான் மூன்று தடவை வாய் கொப்பளித்துவிட்டு, ஒரு புதுத் துவர்த்துத் துண்டை மூக்குக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அழுகை அழுகையாக வந்தது. ருசி பார்க்காமல் நான் எதையும் கலக்கியதே இல்லை. அளவு சொல்லக்கூட எனக்குத் தெரியாது. இந்த ஒரு பாத்திரம் தவறினால் வினீத்தும் இல்லை, இரண்டு வருஷமும் இல்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நின்றேன்.

கெட்டிப்பாலை ஊற்றி, சாற்றை விட்டுக் கிண்ட ஆரம்பித்தேன். நாலு சுற்று சுற்றியிருப்பேன். நாக்கில் ஆரஞ்சு தெரிந்தது.

பழைய ருசியின் மிச்சம் என்று எச்சிலை விழுங்கினேன். போகவில்லை. எலுமிச்சை ஒன்றைப் பிழிந்தேன். துணிக்குள் என் வாய் சுருங்கியது. இன்னொன்றைப் பிழியக் கையை நீட்டினேன். பல் கூசியது, வேண்டாம் என்பது போல. எலுமிச்சையைக் கீழே வைத்துவிட்டுச் சர்க்கரை போட்டேன். வாய் தளர்ந்தது. இன்னொரு கரண்டி போட்டேன். நாக்கு முழுவதும் இனிப்புப் பரவியது. என் கணக்குக்கு அது ரொம்ப அதிகம், நான் அப்படிக் குடிக்கவே மாட்டேன். ஆனால் வாய்க்குப் பிடித்திருந்தது.

என் முகத்தில் துணி கட்டியிருந்தது. ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை, ஏனென்றால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஐஸ்கிரீமை மிதக்கவிட்ட பிறகும் ஏதோ குறைவதாக இருந்தது. எதற்கு ஏங்குகிறோம் என்று தெரியாமல் ஏங்குவோமே, அப்படி. என் கை மேலே போனது. நான் அதுவரை திறக்காத அலமாரியைத் திறந்து, காப்பித்தூள் டின்னுக்குப் பின்னால் துழாவி, ஒரு சின்னக் குப்பியை எடுத்தது. உள்ளே ஜாதிக்காய். பஞ்சில் நான் ஜாதிக்காய் போட்டதே இல்லை. அந்த வாசனையே எனக்கு ஆகாது. துருவியில் நாலு இழுப்பு இழுத்து மேலே தூவினேன். உடனே வாய் நிறைந்தது.

அத்தை கிளாஸை வாங்கிக்கொண்டு போனார். மறுபடியும் கதவைச் சாத்தினார். நாங்கள் கூடத்தில் நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் என் தொண்டையில் குளிர்ச்சியாக ஏதோ இறங்கியது. நான் விழுங்கினேன். மறுபடி இறங்கியது. மறுபடி விழுங்கினேன். நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. ஒருவர் ஆசை ஆசையாகக் குடித்தால் எப்படி விழுங்குவாரோ அப்படி என் தொண்டை மடக்கு மடக்காக ஏறி இறங்கியது. வினீத் என்னைப் பார்த்து, "எந்தா, குடிக்க வெள்ளம் வேணுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. பிறகு தொண்டை தானாக நின்றது.

அத்தை மூன்று முறை தட்டிக் கதவைத் திறந்தார். கிளாஸ் பாதி காலியாக இருந்தது. மீதி துளியும் திரியாமல் நுரையோடு இருந்தது.

மாமா கையைக் கூப்பினார். அத்தை தரையில் உட்கார்ந்து, மீதியை எடுத்து ஒரு வாய் குடித்தார். குடித்தவர் அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஜாதிக்கா போடணும்னு ஆரு சொன்னா?"

"யாரும் சொல்லல அத்தை."

"அவ போடுவா. எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருப்பா, நான் திட்டுவேன்னு. நாலு வருஷமாத் தேடுகேன், அந்தக் குப்பி எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது." அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். இரண்டு வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வினீத்தின் முகத்தைப் பார்த்தபோது அந்தப் பயத்தையும் மறந்துவிட்டேன்.

பதினொன்றரைக்குப் புடவை மாற்றிக்கொண்டு வந்தேன். ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். வாசலில் எல்லோருக்கும் அந்தப் பாத்திரத்திலிருந்தே பஞ்ச் கொடுத்தார்கள். குடித்தவர்கள் எல்லோரும் இரண்டாவது கிளாஸ் கேட்டார்கள். திவ்யாவுடன் படித்த பெண் ஒருத்தி பாதி குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். மோதிரம் நல்லபடியாக மாற்றிக்கொண்டோம்.

என் அம்மா மாடம்மாள் வந்த பஸ் வழியில் நின்றுபோய், நாங்கள் நேரம் தப்பக்கூடாது என்று மோதிரம் மாற்றி முடித்த பிறகுதான் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாள். வினீத் ஓடிப்போய் ஒரு கிளாஸ் கொண்டுவந்து கொடுத்தான். அத்தையும் என் பக்கத்தில் வந்து நின்றார். அம்மா ஒரு மடக்கு குடித்தாள். கிளாஸைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு மடக்கு குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆரு கலக்கினா?"

"அஜிதாதான்" என்றான் வினீத் பெருமையாக.

அம்மா சிரித்தாள். "போங்க தம்பி. எம் மவ கை எனக்குத் தெரியாதா? பத்தாம் கிளாஸ் படிக்கும்போ தொட்டு இவ என்னத்தக் கலக்கினாலும் மொத வாய் எனக்குத்தான் தருவா. இவ போட்டா புளிப்பு உச்சந்தலையில ஏறும். இது இவ இல்ல. வேற ஆரோ கலக்கினது."

சொல்லிவிட்டு, ஆமாம் என்று நான் சொல்வதற்காக என் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"நான்தாம்மா கலக்கினேன்" என்றேன்.

அதைச் சொல்லும்போது நான் என் அம்மாவைப் பார்க்கவில்லை. பொன்னம்மை அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

"எனக்குத் தெரியும் மக்ளே" என்று அத்தை என் தலையைத் தடவினார். அம்மா கிளாஸைக் கையில் பிடித்தபடி, "அஜிதா?" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். அவளிடம் போக வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. கால் நகரவில்லை.