காருக்குள் ஒரு தெரு

காரைப் பிடித்து வைத்திருந்த கல்லை எடுத்தது நான்தான். இதில் காற்றையோ, சைத்தானையோ, கார் செய்த கம்பெனியையோ குறை சொல்ல வழியே இல்லை.

எங்கள் ஷெட்டில் நான்கு வருஷமாக ஓடாமல் நின்ற அம்பாசிடர் அது. ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான். நான் ரிப்பேர் பார்க்காமல் விட்டது. உண்மையில் அதை நிறுத்தி வைத்திருந்தது பின் சக்கரத்துக்கு அடியில் செருகிய ஒரு பாதி அம்மிக்கல். ஷெட்டின் தரையோ தெருவைப் பார்த்துச் சரிந்திருக்கும். மழைத்தண்ணீர் தானாக வழிந்து ஓடட்டும் என்று அப்படிப் பூசச் சொன்ன அறிவாளியும் நான்தான்.

அன்று வியாழக்கிழமை காலை. காரை வாங்க ஆள் வருகிறாரே, டயரையாவது கழுவி வைப்போம் என்று குனிந்தேன். கல் இடைஞ்சலாக இருந்தது. எடுத்தேன்.

கார் மரியாதையாகப் பின்னால் நகர்ந்தது. "ஏய், நில்லு, நில்லு" என்று முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே நடந்தேன். ஐம்பத்தெட்டு வயது ஆள் கெஞ்சுகிறானே என்று அது கொஞ்சமும் இரங்கவில்லை. தெருவைக் குறுக்காகக் கடந்து எதிர்ப்பக்கக் கரண்ட் கம்பத்தில் 'டங்' என்று முதுகைச் சாய்த்தது. முன் சக்கரம் ஒன்று எங்கள் வாசல் சாக்கடைக்குள் சௌகரியமாக இறங்கிக்கொண்டது. பேகம்பூரில் எங்கள் தெரு பன்னிரண்டு அடி அகலம். கார் பதினாலு அடி நீளம். மூக்கு எங்கள் ஷெட்டில், வால் கம்பத்தில். நடுவில் ஒரு கோழி போகக்கூட வழியில்லை.

சத்தம் கேட்டு என் மனைவி பக்ருன்னிசா வாசலுக்கு வந்தாள். கையெல்லாம் மைதா மாவு. காரைப் பார்த்தாள், என் கையிலிருந்த கல்லைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"ஷெட்டக் காலி பண்ணுங்கன்னுதான சொன்னேன். தெருவ அடைங்கன்னா சொன்னேன்?"

"ஷெட்டு காலியாயிருச்சுல்ல?" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. பதினைந்து வருஷமாக நோன்பு மாதத்தில் வீட்டு அடுப்பிலேயே சமோசா போட்டு, தெருவுக்கெல்லாம் கொடுத்து, பிறகு தெருவே கேட்டு வாங்கி, கடைசியில் ஷெட்டிலேயே கடை வைப்பது என்று முடிவெடுத்திருந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் திறப்பு. தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எண்ணெய்ச் சட்டி, பெஞ்சு, பெயர்ப்பலகை எல்லாம் வந்துவிட்டன. கார் மட்டும்தான் போக வேண்டும்.

என் கவலை வேறு. லாரி பார்சல் ஆபீஸில் முப்பது வருஷம் பில் எழுதிவிட்டு எட்டு மாதத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வீட்டில் ஓடாமல் நின்றவை இரண்டு: ஒன்று கார், இன்னொன்று நான். காருக்கு ஆள் பார்த்தாயிற்று. எனக்கு? பெஞ்சுக்கும் சட்டிக்கும் இடம் குறித்தவள், எனக்கு எந்த இடத்தையும் குறிக்கவில்லை. "கடையில எனக்கு என்ன வேலை?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன். முதல் தடவை, "பாக்கலாம்" என்றாள். இரண்டாவது தடவை, "மொதல்ல வண்டி போகட்டும்" என்றாள். மூன்றாவது தடவை, "ரசம் ஊத்தவா?" என்றாள்.

அடுத்த வீட்டு நூர் முகமது மாமா பால் வாங்கத் தூக்குவாளியோடு வந்தார். எழுபது வயது. காரின் பக்கத்தில் நின்று செத்த நேரம் யோசித்தார்.

"ஏன் மாப்ள சனாவுல்லா, தெருவுக்கு இரும்புக் கேட்டு போட்டுட்டியா?"

"தப்பு நடந்துபோச்சு மாமா."

"உன்னால நடந்துச்சுன்னு சொல்லு. கதவு தொறக்குமா?"

திறந்து காட்டினேன். மாமா தூக்குவாளியை என்னிடம் கொடுத்துவிட்டு, இந்தப் பக்கக் கதவில் ஏறி, பின் சீட்டில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, அந்தப் பக்கக் கதவில் இறங்கி, நான் கூரை மேலாக நீட்டிய வாளியை வாங்கிக்கொண்டு போனார். போகிறவர் திரும்பிப் பார்த்து, "சீட்டு மெத்துன்னு இருக்குடா" என்றார்.

அவ்வளவுதான். தெருவுக்கு வழி பிறந்துவிட்டது.

சேவுகம்பட்டியிலிருந்து தினமும் பூக்கூடையோடு வருகிற சிவனம்மாள் அடுத்து வந்தாள். கூடையைக் காரின் கூரை மேல் வைத்து நான் அந்தப் பக்கம் தள்ள, அவள் உள்ளே புகுந்து வெளியே வந்து வாங்கிக்கொண்டாள். "ஏன் பாய், டிக்கெட்டு எம்புட்டு?" என்று கேட்டு ஒரு முழம் மல்லிகையைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போனாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். போனவர்களே சுற்றி வந்து மறுபடி ஏறினார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் புகுந்து நடுவில் முட்டிக்கொண்டதால் சட்டம் போட வேண்டியதாயிற்று: கீழே போகிறவர்களுக்குப் பின் கதவு, மேலே வருகிறவர்களுக்கு முன் கதவு. நான் கதவைப் பிடித்துக்கொண்டு, "தலையப் பாத்து, தலையப் பாத்து... செருப்பு சீட்டுல படக் கூடாது... மாமி, பையை எங்கிட்டக் குடுங்க... உள்ள உக்காந்து கதை பேசாதீங்கப்பா, பின்னாடி ஆளு நிக்குது" என்று கத்தினேன். ஒரு ஆடு யாரும் கூப்பிடாமலே ஏறி, சரியான கதவில் இறங்கியது. "உங்களுக்கு முன்னாடி போனது எப்படிப் போச்சுன்னு பாத்தீங்கள்ல, அது மாதிரி போங்க" என்று அடுத்தவரிடம் சொன்னேன். வரிசையே சிரித்தது.

நான்கு வருஷம் ஒருத்தரும் ஏறாத காரில் இரண்டு மணி நேரத்தில் நூறு பேர் ஏறி இறங்கியிருப்பார்கள். ஓடின காலத்தில்கூட அதற்கு இந்த யோகம் இல்லை.

பதினோரு மணிக்குப் பழைய கார் யாவாரி பழனிக்குமார் வந்தார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து ஆள், பைபாஸில் கடை. ஒரு வாரமாகப் போனில் விலை கேட்கிறேன். "நேர்ல பாத்துப் பேசிக்கலாமுங்க" என்பதைத் தவிர ஒரு சொல் வாங்க முடியவில்லை. வந்தவர் வரிசையைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்காமல் அவரும் வரிசையில் நின்றார். முறை வந்ததும் ஏறி, நகர்ந்து, இறங்கி, என் முன்னால் வந்து வேட்டியை உதறினார்.

"ஏனுங்க பாய், சனாவுல்லாங்கறது யாருங்க? ஒரு காரு பாக்கோணும்."

"நான்தான். இப்ப எதுக்குள்ள இருந்து இறங்குனீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். நிதானமாக பானட்டைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, குனிந்து, நிமிர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு, "சொல்லுங்க" என்றார்.

"நீங்க சொல்லுங்க."

"நீங்க சொன்னாத்தானுங்களே."

இப்படியே போயிருக்கும். ஆனால் தெரு சும்மா இருக்குமா? காலையிலிருந்து காரில் ஏறி இறங்கிய உரிமை எல்லாருக்கும் இருந்தது. "சீட்டுக்கே பத்தாயிரம் குடுக்கலாம், நான் உக்காந்து பாத்துட்டேன்" என்றார் நூர் முகமது மாமா. "கதவு நாலும் நல்லாத் தொறக்குது" என்றது ஒரு குரல். "அம்புட்டும் இரும்பு, எடை போட்டுப் பாரு" என்றது இன்னொன்று. ஒரு பொடியன், "ஒரு லட்சம்!" என்றான்.

பழனிக்குமாருக்குப் பொறுக்கவில்லை. "சந்தைக் கடையாட்டம் ஆகிப்போச்சுங்களே. எங்கப்பாரு மாட்டுத் தரகருங்க. நம்ம வழிக்கு வந்துருங்க" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் இரண்டு பேர் கை மேலும் போர்த்தினார். உள்ளே என் விரல்களைப் பிடித்தார். மாட்டுச் சந்தையில் அப்படித்தான்: பிடித்த விரல் எத்தனையோ அத்தனை விலை, சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "பத்தாயிரக் கணக்குங்க" என்று மட்டும் வாயால் சொன்னார்.

அந்தக் காருக்கு இருபதாயிரம் கிடைத்தால் பிரியாணி வாங்கித் தருவதாக நான் எனக்கே வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் பிடித்தது சரியாக இரண்டு விரல். 'சரி' என்று தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. கூச்சம். நாவிதர் கழுத்தில் கை வைத்தாலே நெளிவேன். துண்டுக்குள் முன்பின் தெரியாத ஒருவர் மெதுவாக விரலை நெருடினால் நான் என்ன ஆவேன்? 'ஹெஹ்ஹே' என்று சிரித்துவிட்டேன்.

பழனிக்குமார் முகம் மாறியது. விலையைக் கேட்டுக் கேலியாகச் சிரிக்கிறான் என்று நினைத்துவிட்டார். மூன்றாவது விரலைச் சேர்த்துப் பிடித்தார். எனக்கு இன்னும் கூசியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"எகத்தாளம் பண்ணாதீங்க பாய்" என்று நாலாவது விரலையும் பிடித்தார். நான் காரின் மேலேயே சாய்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர். 'இல்லைங்க, கூசுது' என்று சொல்ல வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வருகிறது. காரணம் தெரியாமல் தெருவும் சேர்ந்து சிரித்தது. காருக்குள் பாதி வழியில் இருந்த ஒரு அம்மா அங்கேயே உட்கார்ந்து சிரித்தார்.

வாசல்படியில் பக்ருன்னிசா நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அத்தா, அதாவது என் மாமனார், தோல் யாவாரி. அங்கேயும் இந்தத் துண்டு வழக்கம் உண்டு. துண்டு அசைகிற அசைவிலேயே அவளுக்குக் கணக்குத் தெரியும். என் கூச்சமும் முப்பது வருஷமாகத் தெரியும். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

பழனிக்குமார் என் கையை மொத்தமாக இறுக்கிப் பிடித்தார். ஐந்து. நான் கிட்டத்தட்ட அழுதுகொண்டிருந்தேன்.

"பாய்," என்றார் அவர், களைத்த குரலில். "இதுக்கு மேல இந்தக் கையில வெரலே இல்லீங்க."

"ஏங்க, சிரிச்சது போதும்" என்றாள் பக்ருன்னிசா. "குடுத்துருங்க."

துண்டு விலகியது. ஐம்பதாயிரம். பணத்தை எண்ணி நீட்டினார். வாங்கியதும் என் மனசு கேட்கவில்லை.

"உண்மையச் சொல்லிடுறேங்க. நான் உங்க விலையப் பாத்துச் சிரிக்கல. எனக்குக் கூச்சம். ரெண்டு வெரலுலயே முடிஞ்சிருக்க வேண்டியது. வேணும்னா கொறச்சுக்குங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கப்பாரு நாப்பது வருசம் சந்தையில நின்னாருங்க. உங்கள மாதிரி நெஞ்சழுத்தக்காரர அவரும் பாத்திருக்க மாட்டாரு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கும் நட்டமில்லீங்க. கல்யாணத்துக்குக் காரு வாடகைக்கு விடற ஒருத்தரு ஆறு மாசமா இது மாதிரி ஒண்ணு கேட்டுட்டு இருக்காரு. தட்டிக்கொட்டிப் பெயிண்ட் அடிச்சா மாப்பிள்ளை ஊர்வலத்துல போகும்."

காருக்கு மாப்பிள்ளை ஊர்வலம். கண்ணாடியில் கிடந்த மல்லிகையை நேராக்கிவிட்டேன்.

மதியம் லுஹர் தொழுகை முடிந்து வந்தவர்களில் எட்டுப் பேர் கைலியை மடித்துக் கட்டி, சாக்கடையிலிருந்து சக்கரத்தைத் தூக்கினார்கள். ஆர்சி புக்கைக் கொடுத்து, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். பக்ருன்னிசா சூடாக ஒரு பொட்டலம் சமோசாவை என்னிடம் கொடுத்தனுப்பினாள். பழனிக்குமார் ஒன்றைக் கடித்துவிட்டு, "இதையும் துண்டு போட்டுத்தான் விக்கறீங்களா?" என்று கேட்டார். அவருடைய டெம்போ காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தெருமுனையில் திரும்பியது. கண்ணாடியில் சிவனம்மாளின் மல்லிகை ஆடிக்கொண்டே போனது. பிள்ளைகள் கூடவே ஓடினார்கள்.

பூ விற்றுத் திரும்பிய சிவனம்மாள் எங்கள் வாசலுக்கு வந்ததும் பழக்கத்தில் தலையைக் குனிந்தாள். பிறகு நிமிர்ந்து, "அட, சும்மா நடந்து போக வேண்டியதா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஷெட் இப்போது பெரிதாகத் தெரிந்தது. நடுவில் எண்ணெய்க் கறை. பக்ருன்னிசா சாக்பீஸோடு வந்து தரையில் கோடு போட ஆரம்பித்தாள். இங்கே அடுப்பு. இங்கே மாவு உருட்டுகிற மேஜை. இங்கே கல்லா, அது அவளுக்கு. இங்கே பெஞ்சு. நான் சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் வாசலுக்கே வந்துவிட்டேன்.

நான்காவது தடவை. சிரிக்காமல் கேட்டேன். "வண்டியும் போயிருச்சு. இப்பவாச்சும் சொல்லு. எனக்கு என்ன வேலை?"

அவள் நிமிர்ந்தாள். "அடுப்புல விட்டா பேச்சு வாக்குல கருக்கிருவீங்க. வெங்காயம் நறுக்க விட்டா துக்க வீடு மாதிரி ஆக்கிருவீங்க. கல்லாவுல உக்கார வச்சா, கேக்குறவனுக்கெல்லாம் கொறச்சுக்கங்கன்னு திருப்பிக் குடுப்பீங்க. காலையிலகூடப் பாத்தேன்."

"அப்ப பாக்கலாம்கிறியா?"

"இத்தன நாளும் உங்கள எங்க வைக்கிறதுன்னு எனக்கே தெரியல. அதான் சொல்லல." நான் நின்ற இடத்துக்கு வந்து, என் காலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "இன்னைக்குத்தான் தெரிஞ்சது. காருக் கதவப் புடிச்சுக்கிட்டு நின்னீங்கள்ல? நொந்துக்கிட்டு வந்தவங்க அம்புட்டுப் பேரும் சிரிச்சுக்கிட்டுப் போனாங்க. நாளைக்கு இங்கன நில்லுங்க. வாரவங்கள வாங்கன்னு சொல்லுங்க, பேசுங்க, பொட்டலம் கட்டிக் குடுங்க. நீங்க நிக்கலேன்னா நான் கடையே தொறக்கல. அந்த அம்மிக்கல்ல மட்டும் இனிமே தொடாதீங்க."